ஸ்பீடோமீட்டர் கேபிள் அடியில் ஆயில் கசிவா? சிலிகான் பூச விடாதீர்கள்

கியர்பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிள் சேரும் இடத்தில் ஆயில் கசிகிறது என்று எங்கள் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். புதுக் கேபிள் போட்டு, மேலே சிலிகான் பேஸ்டை அப்பிக் கொடுத்தார்கள். அதே இடத்தில் மறுபடி சொட்டியது. கேட்டதற்கு, "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று பதில். பச்சைப் பொய். இந்தக் கசிவுக்குக் கியர்பாக்ஸை இறக்கவே தேவையில்லை.

ஆயிலைத் தடுப்பது கேபிள் அல்ல. பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் பினியன் (கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) உட்காரும் ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் ஓர் ஓ-ரிங், உள்ளே பினியன் தண்டைச் சுற்றி ஒரு சின்ன ஆயில் சீல், இந்த இரண்டும்தான். ஹவுசிங் நுழையும் விளிம்பில் ஈரம் என்றால் ஓ-ரிங் போயிருக்கிறது. கேபிளைக் கழற்றும்போது உள்கம்பியே ஆயிலில் ஊறி வந்தால் உள் சீல் போய்விட்டது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். முறுக்குக் கம்பி சுழலச் சுழல ஆயிலை மேலே ஏற்றி மீட்டருக்குள்ளேயே கொண்டுபோய்விடும். முள் ஆடும், பிறகு மீட்டரே கெடும்.

முதலில் சுற்றியுள்ள அழுக்கைத் துடையுங்கள், இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஹவுசிங் எந்தத் திசையில் இருக்கிறது என்று குறி போட்டுவிட்டு போல்ட்டையும் கிளாம்பையும் எடுங்கள். குறி முக்கியம்: பழைய கிரைஸ்லர் ஆட்டோமேட்டிக்குகளில் ஹவுசிங்கின் துளை மையத்தில் இருக்காது. ஹவுசிங்கில் பொறித்திருக்கும் எண்களில் பினியனின் பல் எண்ணிக்கைக்கு உரியது 6 மணித் திசையில் நிற்க வேண்டும். திசை மாற்றி மாட்டினால் பல் சரியாகப் பொருந்தாமல் தேய்ந்துபோகும்.

ஹவுசிங்கை லேசாகத் திருகியபடி நேராக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், புது ஓ-ரிங்கும் கசியும். புது உள் சீலின் உதடு (தண்டைத் தொடும் மெல்லிய விளிம்பு) கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். புது ஓ-ரிங், சீல் இரண்டிலும் கியர்பாக்ஸில் இருக்கும் அதே ஆயிலைத் தடவி மாட்டுங்கள். கேபிள் நட்டைக் கையால் முறுக்கினால் போதும். அதை இறுக்கிக் கசிவை நிறுத்த முடியாது.

சிலிகான் ஏன் கூடாது? உள்பக்கம் பிதுங்கிய துண்டுகள் பிய்ந்து ஆயிலில் கலக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் ஃபில்டரை அடைக்கும்.

புது சீலும் கசிந்தால் ப்ரீதர் (கியர்பாக்ஸின் காற்றுத் துளை) அடைத்திருக்கிறதா, ஆயில் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் ஏறினால் எந்த சீலும் தாங்காது.

வெளியே கொடுத்துச் செய்தால் பழைய ஓ-ரிங்கையும் சீலையும் கையில் கேட்டு வாங்குங்கள். கேபிளை மட்டும் நீட்டினால் பணம் கொடுக்கும் முன்பே ஹவுசிங்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.