ரஜுலா கப்பலின் டெக்கில் ஆறு பயணம்

1958-க்கும் 1970-க்கும் இடையில் ரஜுலாவில் மூன்று முறை பினாங்கு போய்த் திரும்பினேன். ஆறு பயணமும் டெக் டிக்கெட்தான்; அறை கிடையாது, கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்துக்கொள்ளணும். அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. எங்கள் வீடு ராயபுரத்தில். கப்பல் சங்கு ஊதினால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

முதன்முதலில் ஏறும்போது எனக்குப் பத்து வயது, கப்பலுக்கு முப்பத்திரண்டு. 1926-ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி ஓட்டியது. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. கூடப் பிறந்த கப்பல் ரோனா 1943-ல் மத்தியதரைக் கடலில் குண்டுபட்டு மூழ்கியது. ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். ரஜுலாவும் அந்தப் போரில் சிப்பாய்களைச் சுமந்ததுதான். பிழைத்து வந்து மறுபடி சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்று பழைய பாதையிலேயே ஓடியது. ஆரம்பத்தில் டெக்கில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. பின்னால் குறைத்தார்கள், நல்ல காரியம்.

பினாங்குக்கு ஏறத்தாழ ஆறு நாள். அதில் சுகமும் கஷ்டமும் பாயை எங்கே விரிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் சக்கரம் சுற்றுகிற அதிர்வு முதுகெலும்பில் ஏறும். இன்ஜின் அறைச் சுவரோரம் ராத்திரி முழுக்கச் சூடு. நடுவில், கித்தான் நிழல் விழும் இடத்தில், காற்று வரும் பக்கமாகப் பிடித்துவிட்டால் அரண்மனை. அம்மா ஏறியதும் டிரங்குப் பெட்டியை அங்கே வைத்து, "அண்ணே, பிள்ளைங்க இருக்கு, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பாள். நாகையில் கப்பல் கரைக்கு வராது. படகில் வந்து ஏறுகிற கூட்டத்துக்கு நாங்களும் அப்படியே தள்ளிக்கொள்வோம்.

வாந்திக்கு அம்மாவின் மருந்து நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு துண்டை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடிப் படுக்கணும். இரண்டாம் நாள் முடிவதற்குள் உடம்பு கடலுக்குப் பழகிவிடும். பிறகு எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரிப்புதான் நாள் முழுக்க. பினாங்கு வருவதற்குள் அந்த டெக் ஒரு தெருவாகியிருக்கும். இத்தனை வருஷத்தில் வேறெந்த வண்டியிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

ஒரே ஒரு மனக்குறை. கடைசித் தடவை ஒரு டிக்கெட் ஏஜெண்ட் சொன்ன தேதியை நம்பி ஒரு வாரம் முன்னாலேயே போய், பினாங்கில் சத்திரத்துக்குக் காசு அழுதோம்.

1973-ல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த வருஷமே பம்பாயில் உடைத்தார்கள். அந்தப் பாதையில் பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985-ல் தீப்பிடித்ததோடு நின்றது.

குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய மலேசியாவில் 1969-ல் பெர்மிட் கட்டாயமானது. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. 1970-ல் அவரைக் கூட்டி வரத்தான் போனேன். ஏறியதும் பழக்கப்படி நடுவில் பாயை விரித்தேன். அவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

"அங்கே அதிரும்பா" என்றேன்.

"அதிரட்டும். மலை மறையற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்."

இருட்டிய பிறகும் அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.