ஃப்ளாட்டா, ரவுண்டா? பேஸ் கிட்டார் ஸ்ட்ரிங்கின் முதல் 25 ஆண்டுகள்

1951இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டார் விற்பனைக்கு வந்தது. ஸ்ட்ரிங் தலைப்பக்கம் உட்காரும் பள்ளப்பட்டையான நட்டிலிருந்து, உடல் பக்கம் உட்காரும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம்; இதுதான் ஸ்கேல். நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ் பார்த்துக்கொண்டிருந்த வேலையைத் தோளில் மாட்டும் ஒரு கருவி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. டபுள் பேஸில் ஒரு சுரம் ‘டும்’ என்று விழுந்து சட்டென அடங்கும். அப்போது பேஸ் கிட்டாரில் மாட்டிய ஃப்ளாட்வவுண்ட் (சுருக்கமாக ஃப்ளாட்) ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். அது போதாதென்று பிரிட்ஜ் மூடிக்குள் நுரைப்பட்டை வைத்து இன்னும் அடக்கினார்கள்.

ஃப்ளாட்டில் நடுக் கம்பிக்கு மேல் உருண்டைக் கம்பிச் சுற்று, அதற்கும் மேல் தட்டையான எஃகு நாடா. நாடாவின் சுற்றுகள் விளிம்போடு விளிம்பு உரசுவதால் அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுருதிகள் அந்த உராய்விலேயே செத்துவிடும். அடிச்சுரம் மட்டும் தடிமனாக நிற்கும். ரவுண்ட்வவுண்டில் (ரவுண்டில்) வெளிச்சுற்றும் உருண்டைக் கம்பிதான். தொடுகிற இடம் குறைவு, அதனால் பியானோவின் கீழ்க்கட்டைபோல் கணகணக்கும், நீண்டு ஒலிக்கும். விரலை நகர்த்தினால் ‘கிரீச்’சும் கேட்கும்.

ஃப்ளாட்டுக்குச் சாட்சி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். அங்கிருந்த மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் அவர் கையில் இருந்தது 1962 பிரிசிஷன். அதில் லா பெல்லா நிறுவனத்தின் கனத்த ஃப்ளாட், மெல்லிய ஸ்ட்ரிங்கிலிருந்து தடித்தது வரை 0.052 முதல் 0.110 அங்குலத் தடிமன். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். ஃப்ளாட் பழசாகப் பழசாகத்தான் பக்குவப்படும் என்பதால் அது சரியான கணக்கு.

ரவுண்டின் கதை இங்கிலாந்தில். ‘தி ஹூ’ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் 1965இல் மெல்லிய ஸ்ட்ரிங் கொண்ட டேன்எலெக்ட்ரோ பேஸின் கணகணப்பைத் தேடிப் போனார். அறுந்தால் மாற்று ஸ்ட்ரிங் கிடைக்காது. அதற்காகப் புது பேஸே வாங்கினார். 1966 வாக்கில் ஸ்ட்ரிங் தயாரிக்கும் ரோட்டோசவுண்டின் ஜேம்ஸ் ஹவ்வோடு உட்கார்ந்து, நான்கு ஸ்ட்ரிங்கும் ஒரே மாதிரி அதிரும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தார். அதில் பிறந்ததுதான் ‘ஸ்விங் பேஸ்’ துருவேறா எஃகு ரவுண்ட். இன்றைய வழக்கமான செட் 0.045 முதல் 0.105 வரை.

ரவுண்டின் அருமை முதல் சில வாரங்கள்தான். வியர்வையும் தோல் துகளும் இடுக்குகளில் ஏறியதும் மங்கிவிடும். கொதிநீரில் போட்டு நன்றாக உலர்த்தினால் கொஞ்ச நாள் உயிர் வரும். ஃப்ளாட்டை அப்படிச் செய்யாதீர்கள். நாடாவுக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். தேய்மானமும் உண்டு: துருவேறா எஃகு ரவுண்ட், விரல்பலகையில் குறுக்கே பதித்த மென்மையான நிக்கல்சில்வர் பட்டையான ஃப்ரெட்டை அரம்போல் தின்னும். ஃப்ரெட் இல்லாத பேஸில் மரத்தையே தின்னும். அதனால்தான் ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் ஃப்ரெட் எடுத்த 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸின் விரல்பலகைக்குப் படகுக்குப் பூசும் கெட்டியான எபாக்ஸி பிசினைப் பூசி, அதன் மேல் ரோட்டோசவுண்ட் ரவுண்ட் மாட்டினார். 1976இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் கேட்கும், பாடுவதுபோல் இழுக்கும் அந்த ‘ம்வா’ ஒலியில் பூச்சுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் சரிபங்கு.

என்னைக் கேட்டால், பாட்டுக்கு அடியில் நிற்கும் பேஸுக்கு ஃப்ளாட். பிக் என்ற சிறு தகட்டால் மீட்டுபவர், கட்டைவிரலால் தட்டி ஸ்லாப் செய்பவர் ரவுண்டை விட்டு நகர வேண்டாம். நுரை வைத்தால் ரவுண்டும் ஃப்ளாட்டாகிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒலியின் நீளம் குறையும், உலோகக் கணகணப்பு போகாது.

ரவுண்டிலிருந்து கனத்த ஃப்ளாட்டுக்கு மாற்றும்போது சிக்கல் நட்டில்தான் முதலில் வரும். 0.045 இருந்த G (மிக மெல்லிய) ஸ்ட்ரிங்கின் பள்ளத்தில் 0.052ஐத் திணித்தால் ஸ்ட்ரிங் பிடித்துக்கொள்ளும். முறுக்கும்போது ‘டிங்’ என்று துள்ளிச் சுருதி ஏறிவிடும். பள்ளத்தை அகலப்படுத்திய பிறகு மெல்லிய செட்டுக்குத் திரும்பினால் திறந்த ஸ்ட்ரிங் கடகடக்கும். எனவே அரத்தை எடுக்கும் முன் முடிவு செய்யுங்கள். கனத்த செட் கழுத்தையும் முன்னால் இழுக்கும். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃப்ரெட்டருகே இடைவெளி 0.3 மி.மீ. அளவில் இருக்கிறதா பாருங்கள். கூடினால் கழுத்துக்குள் இருக்கும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் இறுக்கவும். மிகத் தடித்த E ஸ்ட்ரிங் பிரிட்ஜில் உட்காரும் சேடிலையும் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டிவரும்.

வெட்டும் இடத்தில்தான் நல்ல ஃப்ளாட்டுகள் பாழாகின்றன. ஸ்ட்ரிங் சுற்றி முறுக்கும் முளையைத் தாண்டி 4–5 அங்குலம் விட்டு, முதலில் 90 பாகைக்கு மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் நாடா தளர்ந்து ஸ்ட்ரிங் முழுக்கச் செத்த ஒலி வரும். நுனியை முளையின் நடுத்துளையில் இறக்கி, கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்று. ஸ்ட்ரிங் நுனியில் பட்டுநூல் சுற்றிய பகுதி நட்டைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும். நட்டின் மேலேயே வந்தால் அந்த செட் உங்கள் ஸ்கேலுக்குக் குட்டை. 1951இன் பிரிசிஷன்போல் உடலின் பின்னாலிருந்து ஸ்ட்ரிங் ஏறும் பேஸ் என்றால் நீளம் இன்னும் கூடுதலாகத் தேவை, வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.