‘அதெல்லாம் போகும் மேடம்’: வாடகை நகலெடுப்பு இயந்திரமும் ஸ்கேன் மின்னஞ்சலும்

மயிலாப்பூரில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். நகலெடுப்பு இயந்திரத்தை நாங்கள் சொந்தமாக வாங்குவதில்லை. மாத வாடகைக்கு எடுக்கிறோம். அப்படி இரண்டு நிறுவனங்களிடம் எடுத்துப் பார்த்துவிட்டோம். நகலிலும் அச்சிலும் இருவர் மீதும் சொல்லத்தக்க குறை எதுவும் இல்லை. ஸ்கேன் செய்த காகிதம் மின்னஞ்சலாக உரியவருக்குப் போய்ச் சேர்கிறதா என்ற ஒன்றை மட்டும் வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் நகலெடுப்பதைவிட ஸ்கேன் செய்வதே அதிகம். வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிஎஸ்டி நோட்டீஸ், வீட்டுக் கடன் சான்று, காப்பீட்டு ரசீது என்று வாடிக்கையாளர்கள் மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டுவதெல்லாம் அந்த இயந்திரத்தின் தலைமேல் இருக்கும் தட்டு வழியாகத்தான் கணினிக்குள் போகிறது.

முதல் நிறுவனத்தின் விற்பனையாளரிடம், ஸ்கேன் மெயிலுக்குப் போகுமா என்று கேட்டேன். “அதெல்லாம் போகும் மேடம்” என்றார். போகவும் செய்தது. யாருடைய கணக்கு வழியாகப் போகிறது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, எதை அனுப்பினாலும் திரையில் 535 என்ற பிழை எண் வந்து நின்றது; அஞ்சல் கணக்குக்குள் நுழைய முடியவில்லை என்பது அதன் பொருள். தொலைபேசியில் அழைத்தபோது அவர்களுடைய பணியாளர், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல, “எல்லா கஸ்டமருக்கும் நிக்குது மேடம், ஆபீஸ்ல பாஸ்வேர்டு மாத்திட்டாங்க” என்றார். யாருடைய ஆபீஸில் என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தாங்கள் வாடகைக்கு விட்ட இயந்திரங்கள் எல்லாவற்றிலும் தங்களுடைய ஒரே ஜிமெயில் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு மடலின் பிரதியும் அந்தக் கணக்கின் ‘அனுப்பியவை’ பெட்டியில் தங்கும். ஏழு மாதமாக நாங்கள் ஸ்கேன் செய்த பான் அட்டை, ஆதார், படிவம் 16 எல்லாம் முன்பின் தெரியாத ஒருவருடைய அஞ்சல் பெட்டியில் கிடந்திருக்கின்றன. வாடிக்கையாளரின் தகவலை அவர் இசைவின்றிப் பிறரிடம் வெளியிடுவதை 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டமே தொழில்முறைத் தவறு என்று வகைப்படுத்தியிருக்கிறது. எங்கள் ஆடிட்டர் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த 535க்கான காரணத்தைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். தனிநபர் கணக்குகளில், வெறும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு வெளிச் சாதனங்கள் நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. அதற்குப் பின் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, இயந்திரத்துக்கென்று 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். இதில் பலருக்கும் தெரியாத கண்ணி ஒன்று உண்டு: கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால், அதன்கீழ் உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் தாமாகவே செல்லாமல் போய்விடும். அவர்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் கடவுச்சொல்லை மாற்ற, இங்கே எத்தனையோ அலுவலகங்களில் இயந்திரம் வாயை மூடிக்கொண்டது. முன்பு அதே இயந்திரத்தை வாடகைக்கு வைத்திருந்தவர்களின் முகவரிப் பட்டியலைக்கூட அழிக்காமல் எங்களிடம் இறக்கியிருந்தார்கள் என்பதை அதைத் திருப்பி அனுப்பும் நாளில்தான் கவனித்தேன்.

இரண்டாவது நிறுவனம் ராயப்பேட்டைப் பக்கம் உள்ள சிறிய கடை. மாதம் 2,800 ரூபாய் வாடகை, அதில் 3,000 பக்கம் அடக்கம், அதற்கு மேல் பக்கத்துக்கு 45 பைசா. நான் என் பழைய கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய என்ஜினியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “உங்க ஆபீஸ் மெயில் எதுல மேடம் இருக்கு?” வாடகையைப் பேசுவதற்கு முன்பே இவர்களிடம் எடுப்பது என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

இயந்திரத்தை இறக்கிய அன்று அவர் இரண்டரை மணி நேரம் இருந்தார். முதலில் அதன் நெட்வொர்க் அமைப்புகளைத் தாளில் அச்சிட்டு, பேனாவால் இரண்டு இடங்களில் வட்டம் போட்டார். டி.என்.எஸ். என்ற இடத்தில் வெறும் சுழியங்கள் இருந்தன. அது காலியாக இருந்தால் அஞ்சல் சர்வரின் பெயரைக் கொடுத்தாலும் இயந்திரத்தால் அதன் முகவரியைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு வட்டம் தேதியைச் சுற்றி. கிடங்கில் பல மாதம் மின்சாரம் இல்லாமல் கிடந்த இயந்திரத்தின் கடிகாரம் 2015 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்தது. சர்வர் தன்னை யாரென்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு; இயந்திரம் பத்து ஆண்டு பின்னால் இருந்தால், இன்னும் செல்லுபடியாகாத சான்றிதழ் என்று கருதி இணைப்பைத் துண்டித்துவிடும். இந்தத் தொல்லை வேண்டாமென்று சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவர் அணைக்கவில்லை, இணையத்திலிருந்து நேரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்தார்.

அடுத்து, எங்கள் அலுவலகத்தின் சொந்தப் பெயரில் இயந்திரத்துக்கென்றே தனி அஞ்சல் பெட்டி ஒன்றை என்னையே உருவாக்கச் சொன்னார். எங்கள் அஞ்சல் ஜோஹோ என்ற அஞ்சல் சேவையில் இருக்கிறது. அதில் சாதனத்துக்கான தனிக் கடவுச்சொல்லை எடுத்து, இயந்திரத்தின் சிறு திரையில் விரலால் குத்தாமல், கணினியின் உலாவியில் இயந்திரத்தின் பக்கத்தைத் திறந்து ஒட்டினோம். முதல் சோதனை தோற்றது. இந்தியாவில் பதிவான கணக்குக்கு ‘.இன்’ என்று முடியும் சர்வர் பெயரைத் தர வேண்டும், ‘.காம்’ என்று போட்டிருந்தோம். இரண்டாவது சோதனையும் தோற்றது, இம்முறை 553. அனுப்புநர் முகவரியில் இயந்திரத்தின் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்நுழையும் கணக்கும் அனுப்புநர் முகவரியும் ஒன்றாக இல்லாவிட்டால் ஜோஹோ மடலை ஏற்காது. மூன்றாவது போய்ச் சேர்ந்தது. கடவுச்சொல்லை அவர் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

வேறு அஞ்சல் சேவை வைத்திருப்பவர்களுக்கும் வேலை ஏறக்குறைய இதுதான். மைக்ரோசாஃப்டின் இலவச அவுட்லுக் கணக்கை இயந்திரத்தில் போடும் பழைய உத்தி 2024 செப்டம்பர் 16க்குப் பின் வெறும் கடவுச்சொல்லை வைத்துச் செல்லாது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருக்கும் அலுவலகங்கள், இணைய இணைப்புக்கு மாறாத முகவரி எண் (நிலையான ஐபி எண்) இருந்தால், கடவுச்சொல்லே இல்லாமல் அந்த எண்ணை மட்டும் நம்பி அனுப்பும் ரிலே வசதியை அமைத்துக்கொள்ளலாம்; எட்டுப் பேர் அலுவலகத்துக்கு அது மிகை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று மிகப் பழைய இயந்திரத்தை எடுக்கிறவர்கள், மடலை வழியில் பிறர் படிக்காதபடி காக்கும் டி.எல்.எஸ். 1.2 குறியாக்கத்தை அது பேசுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 1.0, 1.1 ஆகிய முந்தைய பதிப்புகள் 2021 மார்ச்சிலேயே முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த இயந்திரத்தில் எத்தனை சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் கதவு திறக்காது.

கோப்பின் அளவு தனித் தலைவலி. ஒரு ஏ4 பக்கத்தை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எடுத்தால், 2480க்கு 3508 புள்ளிகள். அதையே வண்ணத்தில் எடுத்து, அறுபது பக்க வங்கி அறிக்கையை ஒரே பி.டி.எஃப். ஆக்கினால் சுருக்கிய பின்னும் பெருத்துவிடும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்.பி. என்றாலும், இணைப்புகள் மின்னஞ்சலுக்காக எழுத்துகளாக மாற்றப்படும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுவதால், 18 எம்.பி.க்கு மேல் போனாலே நான் பிரித்து அனுப்பிவிடுகிறேன். என்ஜினியர் முதலில் 200 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை என்று வைத்துவிட்டுப் போனார். கோப்பு சிறியதாக வந்தது, ஆனால் எங்கள் பயிற்சி மாணவர்கள் வவுச்சரில் பென்சிலால் போடும் டிக் குறிகள் எல்லாம் காணாமல் போயின. தணிக்கை அலுவலகத்தில் அந்த டிக் இல்லாத வவுச்சர் யாரும் பார்க்காத வவுச்சர். சாம்பல் நிறத்துக்கு மாற்றிய பிறகு சரியானது.

இந்த அமைப்பின் உண்மையான பயனை ஒரு மாதம் கழித்துத்தான் உணர்ந்தேன். இயந்திரத்தின் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வருவதற்கு, நம்முடைய அஞ்சல் சர்வர் பெற்றுக்கொண்டது என்பதே பொருள். பெறுநரிடம் சேர்ந்துவிட்டது என்பதல்ல. முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும், எதிர்முனையில் பெட்டி நிறைந்திருந்தாலும், திரும்பி வரும் மடல் அனுப்புநர் பெட்டிக்கே வரும். முன்பு அது யாரோ ஒருவருடைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது வரவேற்பு மேசைக் கணினியில் அந்தப் பெட்டி நாள் முழுதும் திறந்திருக்கிறது. அப்படித் திறந்துவைத்த முதல் வாரத்திலேயே திரும்பி வந்த நான்கு மடல்களைப் பிடித்தோம்.

குறைகளும் உண்டு. நான்காம் மாதம் பிராட்பேண்ட் இணைப்பை மாற்றினோம். புதிய ரௌட்டரின் எண் வரிசை வேறு; இயந்திரமோ பழைய ரௌட்டரையே வாசல் என்று நம்பிக்கொண்டிருந்ததால் ஸ்கேன் நின்றது. ஜூலை கடைசி வாரம் அது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, என்ஜினியர் வர இரண்டு நாள் ஆயின. வந்து பத்து நிமிடத்தில் அந்த வாசல் எண்ணை (கேட்வே) மாற்றிவிட்டு, நெட்வொர்க் வேலை ஒப்பந்தத்தில் அடங்காது என்று 750 ரூபாய் ரசீது கொடுத்தார். வாடகைக்கு விடும்போது ஸ்கேன் வசதியை விளம்பரத்தில் முதல் வரியில் போடுகிறவர்கள், அது நின்றுபோனால் மட்டும் நெட்வொர்க் வேலை என்று பெயர் மாற்றுவது நியாயமாகப் படவில்லை. புகாரைப் பதிவு செய்ய வாட்ஸ்அப் எண்ணைத் தவிர வேறு வழியும் கிடையாது. நீல டிக் விழும், பதில் மாலைக்கு மேல்தான் வரும்.

ஆயினும் பதினோரு மாதத்தில் ஸ்கேன் நின்றது அந்த ஒரு முறைதான். அமைப்பு வேலைக்கு ஐந்துக்கு நான்கரையும், அதன் பிறகான சேவைக்கு இரண்டரையும் கொடுப்பேன். அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வாடகையில் 200 ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். தருகிறோம், ஆனால் ஸ்கேன் மின்னஞ்சல் நின்றால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்து மூன்று நாளாகிறது.