பி.ஆர்.கே., லாசிக், ஸ்மைல்: வலி எதில், நரம்பு எதில்?

கண்ணாடியைக் கழற்ற இந்த மூன்று லேசர் சிகிச்சைகளில் ஒன்றுக்குப் போகிறவர்கள் எங்கள் தண்டையார்பேட்டையில் முதலில் கேட்பது, "எது வலிக்காது?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கருவிழி நரம்பு ஆற எத்தனை நாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

நான் செய்துகொண்டது பி.ஆர்.கே. கருவிழியின் மேல்தோலை எடுத்துவிட்டு லேசர் அடிக்கிறார்கள். தோல் மூடும்வரை நரம்பு நுனிகள் திறந்து கிடப்பதால் முதல் மூன்று நாள் வலி கடுமை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன். புண் ஆறக் கண்மேல் வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆனது.

தம்பிக்கு லாசிக். கருவிழியில் மூடி போல ஒரு மெல்லிய படலத்தை வெட்டித் திறந்து, உள்ளே லேசர் அடித்து மூடுவது. அன்று சாயங்காலம் எரிச்சல், மறுநாள் பேப்பர் படித்தான். ஆனால் அந்த வெட்டில் நரம்புகள் நிறைய அறுபடுகின்றன. கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்வதே அந்த நரம்புதான். அது போனால் கண்ணீரும் குறையும், இமைப்பதும் குறையும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு நடுவே பைக்கில் போகிறவன் அவன். ஆறு மாதம் சொட்டு மருந்தில்லாமல் கிளம்பியதில்லை. பெரும்பாலோருக்கு உலர்ச்சி ஆறு மாதம், ஒரு வருடத்தில் அடங்கிவிடும். நரம்பின் அடர்த்தி பழையபடி திரும்பத்தான் பி.ஆர்.கே.யில் சுமார் 2 வருடம், லாசிக்கில் 5 வருடம்கூட ஆகலாம்.

ஸ்மைலில் மூடியே இல்லை. கருவிழிக்குள் லேசரால் செதுக்கிய மெல்லிய வில்லையைச் சின்ன வெட்டு வழியாக வெளியே எடுப்பது. லாசிக் வெட்டு சுமார் 20 மில்லிமீட்டர் என்றால் இதில் 2 முதல் 4 தான். ஆரம்ப மாதங்களில் உலர்ச்சி குறைவு, செலவு கூடுதல். கிட்டப்பார்வைக்குத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

பாக்ஸிங் ஆடும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. பலமான குத்து விழுந்தால் லாசிக் மூடி வருடங்கள் கழித்தும் விலகலாம். அவர்களுக்கு நான் பி.ஆர்.கே.தான் சொல்வேன், மூன்று நாள் வலித்தாலும் சரி.

அப்புறம், அபூர்வமாகச் சிலருக்குத் தோல் நன்றாக ஆறியும் மாதக்கணக்கில் எரியும். அது மனப்பிரமை இல்லை, நரம்பு வலி. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து ஒரு துளி விட்டு மருத்துவர் சோதிப்பார். அதிலும் வலி அடங்காவிட்டால் கோளாறு கண்ணின் மேற்பரப்பில் மட்டும் இல்லை, உள்ளே நரம்புப் பாதையிலும் இருக்கிறது என்று அர்த்தம். ஏற்கெனவே கண் உலர்ச்சியோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மட்டும் கடையில் வாங்கிவந்து நீங்களே விட்டுக்கொள்ளாதீர்கள். தொடர்ந்து விட்டால் தோல் ஆறாமல் கருவிழியே கரைந்துபோகலாம்.