வாட்ச் டாக்ஸ் 2-க்குப் பணம் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

வாட்ச் டாக்ஸ் 2 என்ற வீடியோ கேம் ஆடுகிறவர்களைக் குறிவைத்து, ‘ஆட்டத்துக்குள் செலவழிக்க அளவில்லாப் பணம் ஏற்றித் தருகிறோம்’ என்று ஆசை காட்டும் விற்பனையாளர்கள் உலவுகிறார்கள். அப்படி ஒருவரிடம் காசு கொடுத்தேன். வந்து சேர்ந்தது வேறு யாரோ ஆடி முடித்த ஆட்டம். போனது என்னுடைய ஆட்டம். கூடவே என் கணக்கையும் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். இதே மாதிரி எதையாவது தேடிக்கொண்டிருப்பவர்கள், காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த வியாபாரத்துக்கு ஆள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. 2016 நவம்பரில் வந்த இந்த ஆட்டத்தின் களம் சான் பிரான்சிஸ்கோவும் அதைச் சுற்றியுள்ள விரிகுடாப் பகுதியும். நகரம் முழுவதையும் சிடிஓஎஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு வேவு பார்க்கிறது. செய்யாத குற்றத்துக்கு அதன் சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்ட மார்கஸ் (நாம் ஆடும் பாத்திரம்), டெட்செக் என்ற ஹேக்கர் கூட்டத்தோடு சேர்ந்து திருப்பி அடிக்கிறான். தொடக்கப் பணிகள் முடிந்ததும் அவர்களுடைய மறைவிடத்தில் இருக்கும் 3டி பிரிண்டர் நமக்குத் திறக்கும். குவாட்காப்டர் டிரோனை அங்கேதான் காசு கட்டி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் டாலர் அதன் விலைக்குக் கிட்டத்தில்கூட வராது. டிரோன் இல்லாமலும் ஆடலாம், சரி. ஆனால் காவலாளிகள் சுற்றும் கட்டடத்துக்கு மேலே அதைப் பறக்கவிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு தூரத்திலிருந்தே நோண்டும் சுகமே தனி. அந்த ஆசையில் ‘சீக்கிரம் பணம் சேர்ப்பது எப்படி’ என்று தேடினால் இவர்கள் கண்ணில் படுவார்கள்.

என்னிடம் பேசிய ஆள் படு மரியாதை. இரண்டு வழி சொன்னார். ஆட்டத்தை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனத்தில் நாம் வைத்திருக்கும் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் ‘சர்வர்லயே ஏத்திடுவோம் ப்ரோ’. இல்லையென்றால் அவர் அனுப்பும் கோப்பை நம் கணினியில் நாமே இயக்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் எல்லாம் தர முடியாது என்றேன். ‘பரவால்ல ப்ரோ, ஃபைலே அனுப்புறேன். உங்க பாஸ்வேர்டு எனக்கு எதுக்கு?’ என்றார். பணத்தை மட்டும் பரிசு அட்டைக் (கிஃப்ட் கார்டு) குறியீடாகத்தான் வாங்கிக்கொள்வாராம். கார்டு, வங்கிப் பரிமாற்றம் எதுவும் ஆகாது. காரணம் கேட்டால் ‘அதுல லேட் ஆகும்’.

வந்தது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு ஜிப் கோப்பு. வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் இப்படிப் பூட்டுவார்கள். கூடவே ஒரு குறிப்பு: வைரஸ் தடுப்பை அணைக்கவும், ஆட்டத்தோடு வரும், ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஈஸி ஆன்டி-சீட் மென்பொருளையும் அணைக்கவும், ‘வைரஸ்னு தப்பா காட்டும், பயப்பட வேணாம்’. இயக்கியதும் யூபிசாஃப்டின் உள்நுழைவுச் சாளரம் ஒன்று வந்தது. நிறம், எழுத்து, சின்னம் எல்லாம் அச்சு அசல். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்று கீழே இருந்த வரி அழுத்தவே முடியாத வெறும் படம் என்பது பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகத்துக்கு நேரே கேட்டுக் கிடைக்காத கடவுச்சொல்லை இந்த வழியில் வாங்கிக்கொண்டார்கள்.

ஆட்டம் திறந்தது. பணம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே கதையும் முழுசாக முடிந்திருந்தது! வரைபடத்தில் முதன்மைப் பணி ஒன்றுகூட மிச்சமில்லை. மார்கஸ் நான் வாங்காத உடையில் நிற்கிறான். வேண்டிய இடத்தில் நாமாகச் சேமித்து வைக்கும் வசதி இந்த ஆட்டத்தில் கிடையாது, அதுவே தானாகச் சேமித்துக்கொள்ளும். அந்த ஒரே சேமிப்பின் மேல்தான் இவர்களுடைய கோப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. இணையத்தில் இருந்த நகலும் அதற்கேற்ப மாறிவிட்டது.

அன்று இரவே அந்த ஆள் மறுபடி வந்தார். ‘ஒரு கோட் நம்பர் வரும் ப்ரோ, சொல்லுங்க, உங்க பழைய சேவ் ஃபைலைத் திருப்பிப் போடத்தான்’. சொல்லி வைத்தாற்போல யூபிசாஃப்டிடமிருந்து இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு என் மின்னஞ்சலுக்கு வந்தது. யாரோ என் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமே இல்லை. குறியீட்டைத் தரவில்லை, உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. பழைய ஆட்டம் வேண்டுமென்றால் ‘மீட்புக் கட்டணம்’ தனியாம். அதற்கு நான் மறுத்த மறு நிமிடம் என்னைத் தடை செய்துவிட்டார். பரிசு அட்டைக் குறியீட்டை ஒரு தடவை யாராவது பயன்படுத்திவிட்டால் அவ்வளவுதான். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுத் திரும்பக் கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். அதில் ‘லேட் ஆகும்’ என்று சொன்னது இதற்குத்தான்.

எனக்கு இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், அவர்கள் விற்கும் சரக்குக்கு ஆட்டத்துக்குள்ளேயே மதிப்பு இல்லை. மார்கஸின் திறமைகள் டாலரில் வளர்வதில்லை, ஆராய்ச்சிப் புள்ளிகளில் வளர்கின்றன. அந்தப் புள்ளிகள் டெட்செக்கைப் பின்தொடர்பவர்கள் கூடக்கூட வரும், வரைபடத்தில் அங்கங்கே கிடப்பதை எடுத்தாலும் வரும். சில மேம்பாடுகளுக்கு முக்கியத் தரவு என்ற ஒன்றையும் குறிப்பிட்ட இடத்துக்குப் போய்த் திருடி வர வேண்டும். பை நிறையப் பணம் இருந்தாலும் அங்கே செல்லாது. கார்? தெருவில் நிற்பதை எடுத்துக்கொண்டு போகலாம். துணிக்கடைகள் கொள்ளை அழகு, நான் அங்கே நேரம் போக்குகிறவன்தான், ஆனால் எந்தச் சட்டை போட்டாலும் பலம் கூடாது. மின்னதிர்ச்சித் துப்பாக்கி ஆரம்பத்திலேயே கையில் இருக்கிறது. ஆளைக் கொல்லாமல் ஆடுபவருக்குப் பிரிண்டரில் இருக்கும் மற்ற துப்பாக்கிகள் பாதிக்கு மேல் வேண்டாத செலவு. ஆக, முதலில் சேரும் பணத்தைத் துணியிலும் துப்பாக்கியிலும் கரைக்காமல் குவாட்காப்டருக்கென்று ஒதுக்கினால் பணமுடை அத்தோடு தீர்ந்தது.

அந்தப் பணத்தைச் சேர்க்க வெளியாள் தேவையும் இல்லை. ஆட்டத்தில் வழியில் போகிறவர்கள் மேல், ஆளைப் பற்றிய விவரம் காட்டும் ப்ரொஃபைலர் என்ற கருவியைக் காட்டினால் பெயர், வேலை, வருமானம், ஒரு அந்தரங்கச் செய்தி எல்லாம் தெரியும். சிலருடைய வங்கிக் கணக்கிலிருந்து அப்படியே உருவிக்கொள்ளலாம். 2014இல் வந்த முதல் பாகத்தில் இப்படி எடுத்ததை ஏடிஎம் தேடிப் போய் வாங்க வேண்டும். இதில் அந்த அலைச்சல் இல்லை, நேராக நம் கணக்குக்கு வந்துவிடும். இதைவிட வேகமாகச் சேர்வது நகரம் முழுக்க ஒளித்து வைத்திருக்கும் பணப் பைகளில். ஹேக் செய்யக்கூடியவற்றைத் தனியாகக் காட்டும் நெட்ஹேக் பார்வையில் தேடுங்கள். மொட்டை மாடியிலோ பூட்டிய முற்றத்திலோ இருந்தால் பக்கத்தில் ஏற்றி இறக்கும் மேடையோ கிரேனோ இருக்கும், ஹேக் செய்து அதில் ஏறிக்கொள்ளலாம். அப்புறம் டிரைவர் எஸ்எஃப் என்று வாடகைக் கார் ஓட்டும் பணிகள் உண்டு. சம்பாதிப்பது ஒருபுறம், ஆடவே சுவாரசியமானவை.

2020 அக்டோபரில் வந்த அடுத்த பாகமான வாட்ச் டாக்ஸ்: லீஜன் ஆடுகிறவர்களையும் ‘ஈடிஓ ஏற்றுகிறோம்’ என்று வலை வீசுகிறார்கள். ஈடிஓ என்பது அந்த ஆட்டத்தின் லண்டனில் புழங்கும் டிஜிட்டல் நாணயம். அதைக் கொண்டு வாங்கக்கூடியது உடையும் வண்டிக்கு வண்ணமும் மாதிரியான அலங்காரங்கள்தான். கருவிகளை மேம்படுத்த டெக் பாயின்ட் வேண்டும். நிஜக் காசுக்குக் கிடைக்கும் டபிள்யூடி கிரெடிட் என்பது இரண்டிலும் சேராத வேறொன்று, அதற்கு அதிகாரப்பூர்வக் கடை இருக்கிறது. விற்கிறவர்கள் இந்த மூன்றையும் வேண்டுமென்றே ஒன்றாகக் குழப்புவார்கள். எதை ஏற்றுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பதிலில் தடுமாற்றம் தெரியும்.

இது மாதிரி ஒரு கோப்பை ஏற்கெனவே இயக்கிவிட்டவர்கள் அதே கணினியில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். கைபேசியிலோ வேறு கணினியிலோ மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சலுக்கு, அடுத்து யூபிசாஃப்டுக்கு. அதே கடவுச்சொல்லை வேறு எங்கே வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்றிவிடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் போடுங்கள், மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். கணினியை முழுசாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் பாதுகாப்பு, நானும் அதைத்தான் செய்தேன். கடைசியாக, மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் போய், உங்களுக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி எதையாவது யாராவது சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அது இருந்தால், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் சரிபார்ப்புக் குறியீடுகள் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.