மூடுபனிக்குள் இருந்து புறக்கோள் தேடல்: இலவசத் தரவுக் களஞ்சியங்கள் எப்படி?

தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இருந்தால் அந்தக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள். தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் வானமே தெரியாது. நானும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் சில வருடங்களாகப் புறக்கோள்களை, அதாவது சூரியனை அல்லாமல் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை, பார்ப்பது ஒரு பழைய லெப்டொப்பில்தான்.

அதிகம் திறப்பது இரண்டு தளங்கள். ஒன்று, அமெரிக்காவின் கல்டெக் பல்கலைக்கழகம் நடத்தும் நாசா எக்ஸோபிளானட் ஆர்கைவ். உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் பட்டியல். 2025 செப்டெம்பரில் 6000-ஐத் தாண்டியது. மற்றது அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள மாஸ்ட் என்ற தரவுக் களஞ்சியம். கெப்ளர், டெஸ், ஹபிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் எல்லாவற்றின் தரவும் அங்கே. இரண்டும் இலவசம். ஜேம்ஸ் வெப் தரவில் மட்டும் ஒரு பகுதி, அதைக் கேட்டு வாங்கிய ஆய்வாளர்களுக்கு ஒரு வருடம் வரை ஒதுக்கப்பட்டிருக்கும்.

பட்டியலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கோளுக்குப் பல ஆய்வுக் கட்டுரைகள் பல அளவுகள் சொல்லும். ஒரு அட்டவணை அவற்றைத் தனித்தனி வரியாக வைக்கிறது. இன்னொன்று எல்லாவற்றிலும் இருந்து பொறுக்கி, கோளுக்கு ஒரு வரியாகச் சுருக்கித் தருகிறது. வசதி என்று எல்லாரும் இரண்டாவதையே எடுப்பார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அதை வைத்து ஆரைக்கு எதிராகத் திணிவை வரைந்தாள். புள்ளிகள் சிதறிக் கிடக்க, நடுவே ஒரு கூட்டம் மட்டும் நிரை பிடித்து நட்ட தேயிலை மாதிரி ஒரே கோட்டில் நின்றது. "சேர், இயற்கை இவ்வளவு ஒழுங்கா?" என்றாள். இயற்கை இல்லை. அந்தக் கோள்களின் திணிவை யாரும் அளக்கவேயில்லை. ஆரையை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டு நிரப்பியிருக்கிறார்கள். திணிவு எங்கிருந்து வந்தது என்று சொல்லும் நிரல் (column) அட்டவணையில் பக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சேர்த்து இறக்கினால் வடிகட்டிவிடலாம்.

மாஸ்டில் இருந்து இறக்குவதற்கு எங்கள் பக்கத்து போன் சிக்னல்தான் பிரச்சினை, அதுவும் மழை நாளில் சொல்லவே வேண்டாம். ஆனால் டெஸ்ஸின் ஒளிவளைவுக் கோப்பு (ஒரு நட்சத்திரத்தின் ஒளி நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற பதிவு) ஒன்று ஏறக்குறைய 2 எம்பிதான். பழைய போனின் ஹொட்ஸ்பொட்டிலும் வந்துவிடும். முழுப் படங்களை இறக்க ஆசைப்படாதீர்கள். தேவையான துண்டை மட்டும் வெட்டித் தரும் டெஸ்கட் என்ற வசதி இருக்கிறது. கோப்பைத் திறக்க பைதன் கணினி மொழியில் லைட்கர்வ் என்ற மென்பொருள் போதும்.

பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது வாஸ்ப்-18 என்ற நட்சத்திரம். அதன் கோள் ஒரு நாளுக்குள்ளேயே ஒரு சுற்று முடித்துவிடும். கோள் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போதெல்லாம் ஒளி சற்றுக் குறைந்து வளைவில் ஒரு பள்ளம் விழும். டெஸ் வானத்தின் ஒரு பகுதியை ஏறக்குறைய 27 நாள் பார்ப்பதால், ஒரே கோப்பில் இருபதுக்கு மேற்பட்ட பள்ளங்கள், ஒவ்வொன்றும் 1 சதவீதம் அளவில். நடுவில் ஒரு இடைவெளி தெரியும். அது கோளின் வேலை இல்லை, 13.7 நாளுக்கு ஒருமுறை பூமியை நெருங்கும்போது செயற்கைக்கோள் தரவு அனுப்பிய நேரம்.

குறை என்றால், விளக்கக் குறிப்புகள் எல்லாம் ஆய்வாளருக்காக எழுதியவை. நேரக் கணக்கே ஒரு தலைவலி: கெப்ளர் ஜூலியன் நாளில் (வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் எண்) 2454833-ஐக் கழிக்கிறது, டெஸ் 2457000-ஐ. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுகிறவர் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். டெஸ்ஸின் ஒரு படத்துணுக்கு (pixel) வானத்தில் 21 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம், அதனால் பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் கலந்துவிடும். புதிய பள்ளம் கண்டுபிடித்தேன் என்று யாராவது ஓடி வந்தால், அக்கம்பக்கத்தில் என்ன நட்சத்திரம் இருக்கிறது என்று கையா விண்கலத்தின் நட்சத்திரப் பட்டியலில் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். பாதிப் பேர் அப்புறம் வருவதில்லை.