ரெம்பிராண்டின் 'மூன்று மரங்கள்': வேலூரில் பிரிண்ட் எடுத்தால் எப்படி வருகிறது?

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643-இல் செய்த 'மூன்று மரங்கள்' ஓர் எட்சிங், அதாவது தாமிரத் தகட்டில் கோடு கீறி அச்சிட்ட படம். அதன் உயர்தரப் படக்கோப்பை ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதை வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் கொடுத்து எடுத்ததில் முதல் தாள் வீண், இரண்டாவது அருமை. கோப்பு ஒன்றுதான், சொல்லிக் கேட்ட விதம்தான் வேறு.

முதல் தாள் ஏ4, பளபளப்பு ரகம். அசல் படம் 213 மி.மீ. உயரம், 279 மி.மீ. அகலம். ஏ4-ஐப் படுக்கைவாட்டில் வைத்தால் உயரம் 210 தான், அதிலும் மெஷின் ஓரத்தில் வெள்ளை விடும். அதனால் 'ஃபிட் டு பேஜ்' போட்டுச் சுருக்கிவிடுகிறார்கள். சுருக்கினால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவிலுள்ள வெள்ளைதான் முதலில் அடைபடும். இந்தப் படத்துக்கு வெளிச்சமே அந்த வெள்ளைதான்.

ஆகவே ஏ3 மேட் தாள், 'ஆக்சுவல் சைஸ்', கிரேஸ்கேல் (கறுப்பு-வெள்ளை-சாம்பல் மட்டும்), 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று கேளுங்கள். 300 டிபிஐ-யில் ஒரு புள்ளியே ஏறக்குறைய 0.08 மி.மீ. வரும், மெல்லிய கோடுகள் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். 600-க்குக் கோப்பின் அகலம் சுமார் 6,600 பிக்சல் இருக்க வேண்டும். சாதா 80 ஜிஎஸ்எம் தாள் வேண்டாம், மை ஊறி நிழலெல்லாம் கரி அப்பியது போலாகிவிடும். ஆட்டோ கான்ட்ராஸ்ட்டையும் அணைக்கச் சொல்லுங்கள். அது ஓடினால் தூரத்து நகரத்தின் மெல்லிய கோடுகள் காணாமல் போகும்.

இரண்டாவது தாளில் இவை எல்லாம் சரி. மரங்களின் அடியில் பூதக்கண்ணாடியை வையுங்கள். இலை இலையாகப் போடவில்லை, கிறுக்கலும் குறுக்குக் கோடுகளும்தான். எட்டி நின்றால் அது அடர்ந்த கிளையாகிறது. அந்தக் கறுப்புக்குள்ளும் ஊசிமுனை அளவு வெள்ளைகள் மிஞ்சியிருக்கின்றன. சித்திரை வெயிலில் புளியமரத்தடி நிழலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: அங்கே இருட்டு ஒரே பூச்சாக இருக்காது, காசு காசாக வெயில் சிந்தியிருக்கும். வலது கீழ்மூலைப் புதருக்குள் ஒரு ஜோடி ஒளிந்திருக்கிறது. நிழல் அடைத்துக்கொண்ட பிரிண்டில் அவர்கள் கிடைக்கவே மாட்டார்கள். இடது மேல்மூலையில் ஸ்கேல் வைத்து இழுத்தது போன்ற மழைக்கோடுகளும் இதில் தனித்தனியாக நிற்கின்றன.

எந்தக் கடையாலும் தர முடியாதது ஒன்று உண்டு. எட்சிங்கில் மெழுகு பூசிய தாமிரத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் இடுவார்கள். ரெம்பிராண்ட் அதற்கு மேலும் தகட்டை ஊசியால் நேரடியாகக் கீறியிருக்கிறார். அப்படிக் கீறும்போது ஓரத்தில் எழும் உலோகப் பிசிறில் மை பிடித்து, அச்சில் வெல்வெட் போல மங்கலாகப் படியும். இங்க்ஜெட்டில் அந்த இடங்கள் தட்டையாகத்தான் வரும்.

ஃபிரேம் போடும்போது, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி விடும் மவுன்ட் அட்டையைக் கட்டாயம் கேளுங்கள். கண்ணாடி நேராகத் தாளில் பட்டால் நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.